கட்டெம்ஃபே: மேற்கு ஆப்பிரிக்கக் காட்டுப் பழத்தின் இனிப்பும் மருந்தும்

1. ஆய்வுப் பொருள்

மேற்கு ஆப்பிரிக்க மழைக்காடுகளில், பெருமரங்களின் நிழலில், தரையை ஒட்டிக் காய்க்கும் சிவந்த பழம் கட்டெம்ஃபே. தாவரவியலார் இதற்கு இட்ட பெயர் தாமட்டோகாக்கஸ் டேனியெல்லி. இதன் விதையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சதையில் தாமட்டின் என்ற புரதம் உள்ளது. எடைக்கு எடை ஒப்பிட்டால் அப்புரதம் சர்க்கரையைவிட ஏறத்தாழ 2000 முதல் 3000 மடங்கு இனிப்பானது. மூலக்கூறுக்கு மூலக்கூறு என்று கணக்கிட்டால் இது ஒரு லட்சம் மடங்கு வரை போகும்.

இப்பழத்தைக் குறித்து எழுதுவோர் பலர் மூன்று செய்திகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். பழத்தின் இனிப்பு ஒன்று. இலை, வேர், பழம், விதை ஆகியவற்றுக்கு மேற்கு ஆப்பிரிக்க மருத்துவ மரபு தரும் பயன்கள் மற்றொன்று. பிரித்தெடுத்த புரதத்தைக் கொண்டு இன்று நடக்கும் வணிகம் மூன்றாவது. இவை கலந்துபோகும்போது, ஆய்வகத்தில் மெய்ப்பிக்கப்பட்ட இனிப்பின் பெருமை, மெய்ப்பிக்கப்படாத மருந்துச் சொற்களுக்கும் ஒட்டிக்கொள்கிறது. இச்செடியைத் தலைமுறை தலைமுறையாக அறிந்து பயன்படுத்திய மக்களோ எழுத்திலிருந்து மறைந்துவிடுகிறார்கள். ஆகவே இக்கட்டுரை மூன்றையும் பிரித்து எடைபோடுகிறது. இனிப்பு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. மருந்துப் பயன்கள் மரபுப் பதிவுகளாக மதிக்கத்தக்கவை, ஆனால் அவற்றைத் தாமட்டினின் குணங்களாகக் காட்டுவது தவறு. வணிகத்தில் அம்மக்களுக்கு உரிய பங்கு இன்னும் சட்டத்தால் உறுதியாகவில்லை.

2. செடியும் நிலமும்

2.1 வாழிடம்

மேற்கே சியரா லியோன் முதல் கிழக்கே காங்கோ வரை நீளும் ஈரக்காட்டு வளையம் இச்செடியின் தாய்நிலம். கானா, கோத் திவ்வார், நைஜீரியா, கேமரூன் ஆகிய நாடுகளில் இது மிகுதி. காடழித்துக் கோக்கோ பயிரிட்ட தோட்டங்களிலும் மரநிழல் மிஞ்சியிருக்கும் இடங்களில் இதைக் காணலாம். நிழலின்றி இது செழிப்பதில்லை. காடு குறையக் குறைய இதுவும் குறைவதற்குக் காரணம் அதுவே.

இது மாரண்டேசி குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வீடுகளில் குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சித் தரும் ஆரோரூட் மாவைத் தரும் செடியும் அதே குடும்பத்தது. மண்ணுக்கடியில் ஓடும் கிழங்குத்தண்டிலிருந்து நீண்ட காம்புகள் எழும்பி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒற்றைப் பேரிலை விரியும். செடி 3 மீட்டருக்கு மேலும் உயரும். இலை அரை மீட்டர் அளவுக்கு நீளும். பூக்களும் பழங்களும் மட்டும் அந்த உயரத்துக்குப் போவதில்லை. வெளிர் ஊதாப் பூக்கள் காம்புகளின் அடியில், மண்ணருகே மலர்கின்றன. முப்பட்டையான பழம் பழுத்ததும் அடர்சிவப்பாகிறது. உதிர்ந்த சருகுகளை விலக்கிப் பார்த்தால்தான் பல நேரங்களில் அது கண்ணில் படும்.

பழத்தினுள்ளே மூன்று வரை கரிய, கடினமான விதைகள் இருக்கும். ஜாதிக்காயைச் சுற்றி ஜாதிபத்திரி இருப்பதுபோல, இவ்விதைகளைச் சுற்றியும் ஓர் உறை உண்டு. ஆனால் இது ஒளி ஊடுருவும் கூழாக இருக்கும். தாமட்டின் குவிந்திருப்பது இவ்வுறையில், குறிப்பாக விதையின் அடியிலுள்ள பகுதியில். பழத்தோலிலோ விதையிலோ அந்த இனிப்பு இல்லை.

2.2 இலையின் இடம்

வேதியியல் நூல்கள் பழத்தில் தொடங்கிப் பழத்திலேயே முடிந்துவிடுகின்றன. மேற்கு ஆப்பிரிக்கச் சந்தையில் நிலைமை வேறு. அங்கே நாள்தோறும் விலைபோவது இலை. யோருபா மக்கள் இதை 'எவே எரான்' என்பார்கள். ஊறவைத்துத் தோல் நீக்கிய காராமணியை அரைத்து, மிளகாயும் வெங்காயமும் எண்ணெயும் சேர்த்து, இவ்விலையில் மடித்து ஆவியில் வேகவைத்தால் அது மொயின்-மொயின். நைஜீரியாவின் தென்மேற்கில் விளையும் ஒஃபாடா அரிசிச் சோறு இவ்விலையில்தான் முறைப்படி பரிமாறப்படுகிறது. கானாவில் அரிசியும் காராமணியும் சேர்த்துச் சமைக்கும் வாச்சேயைத் தெருக்கடைகளில் இதே இலையில் கட்டித் தருகிறார்கள். சூட்டில் இலை கிழியாது. மெல்லிய மணம் ஒன்று சோற்றில் இறங்கும். அலுமினியக் கிண்ணத்திலும் பாலித்தீன் பையிலும் வெந்த மொயின்-மொயினுக்கு அந்தச் சுவை இல்லை என்று அங்குள்ளவர்கள் குறைபட்டுக்கொள்வதில் பொருள் இருக்கிறது.

காம்பைக் கீறிப் பாய் முடைகிறார்கள், கயிறாகப் பயன்படுத்துகிறார்கள். இலையைக் கூரை வேய்வதற்கும் எடுப்பதுண்டு. ஒரு செடியின் மதிப்பை அதன் ஒற்றை மூலக்கூறைக் கொண்டு மட்டும் அளப்பது எவ்வளவு குறையுடையது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. தாமட்டின் என்ற பெயர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இச்செடி ஒரு வட்டாரத்தின் அடுக்களையைத் தாங்கி வந்திருக்கிறது.

3. எழுத்துப் பதிவுக்கு வந்த வரலாறு

ஆங்கிலேயப் படை மருத்துவர் வில்லியம் ஃபிரீமன் டேனியெல் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். கினி வளைகுடாவின் நோய்களைப் பற்றி 1849இல் அவர் நூல் எழுதினார். 1852இல் லண்டனின் மருந்தியல் இதழில் 'அதிசயக் கனி' எனப்பட்ட சின்செபாலம் டல்சிஃபிகம் குறித்தும், 1855இல் அதே இதழில் கட்டெம்ஃபே குறித்தும் கட்டுரைகள் வெளியிட்டார். பின்னதையும் அவர் அதிசயப் பழம் என்றே அழைத்தார். இவ்விரு பழங்களையும் இன்றுவரை பலர் ஒன்றென்று குழப்பிக்கொள்வதற்கு இந்தப் பெயரீடு ஒரு முதன்மைக் காரணம் என்பது என் கணிப்பு. அச்செடிகளோ வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. அவற்றின் புரதங்கள் வேலைசெய்யும் முறையும் வேறு. அதைப் பிரிவு 6இல் காண்போம்.

புளித்த கள், புளித்த மாவில் செய்த ரொட்டி, புளிப்பான பழங்கள் ஆகியவற்றை இனிப்பாக்க உள்ளூர் மக்கள் கட்டெம்ஃபேயைப் பயன்படுத்தினர் என்பது அக்காலப் பதிவுகளின் சாரம். இது கவனிக்கத்தக்கது. அவர்கள் இதை வெறும் தின்பண்டமாக வைத்துக்கொள்ளவில்லை. புளிப்பை மாற்றும் பொருள் என்று அறிந்து, எதனோடு எதைச் சேர்ப்பது என்ற தேர்ச்சியோடு கையாண்டிருக்கிறார்கள். இன்றைய உணவுத் தொழில் தாமட்டினைச் சுவை திருத்தியாகப் பயன்படுத்துவது அந்த அறிவின் நீட்சியே.

டேனியெலைச் சிறப்பித்துத் தாவரவியலார் பென்னட் இச்செடிக்குப் பெயரிட்டார். 1883இல் ஜார்ஜ் பெந்தம் இதைத் தனிப் பேரினமாக்கினார். பழத்தை டேனியெலுக்குக் காட்டியவர்களின் பெயர் இப்பெயரீட்டில் இல்லை. அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் மேலைநாட்டு வேதியியல் இப்பழத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

4. இனிப்பு

4.1 பிரித்தெடுப்பும் அமைப்பும்

1960களில் சாக்கரின், சைக்ளமேட் போன்ற செயற்கை இனிப்பூட்டிகளின் பாதுகாப்புக் குறித்து ஐயங்கள் எழுந்தன. இயற்கை மாற்றுகளைத் தேடும் வேட்டை தொடங்கியது. அமெரிக்காவில் இங்லெட், மே ஆகிய இருவர் வெப்பமண்டலச் செடிகள் பலவற்றைச் சோதித்து, 1968இல் வெளியிட்ட கட்டுரையில் கட்டெம்ஃபேயை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தனர். 1972இல் நெதர்லாந்தில் யூனிலீவர் ஆய்வகத்தைச் சேர்ந்த வான் டெர் வெல், லூவே ஆகியோர் இனிப்புப் பொருளைத் தனித்துப் பிரித்து, அது புரதம் என்று காட்டினர். தாமட்டின் 1, தாமட்டின் 2 என்று நெருங்கிய இரு வடிவங்கள் அதில் முதன்மையானவை.

இனிப்பு என்றால் சர்க்கரை போன்ற சிறு மூலக்கூறுகளின் பண்பு என்றே அதுவரை வேதியியலார் நினைத்திருந்தனர். 207 அமினோ அமிலங்கள் கோத்த, ஏறத்தாழ 22,000 மூலக்கூறு எடையுள்ள ஒரு புரதம் இனிக்கும் என்பது அவர்கள் எதிர்பாராதது. 1979இல் அமினோ அமில வரிசையும், 1982இல் மரபணுவும், 1985இல் படிக அமைப்பும் வெளியாயின. இப்புரதத்தின் மடிப்புகளை எட்டு கந்தகப் பிணைப்புகள் இறுகக் கட்டியிருக்கின்றன. பல புரதங்கள் சூட்டில் குலைந்துவிடும்போது, அமிலத் தன்மையுள்ள கரைசலில் தாமட்டின் கொதிநிலைச் சூட்டையும் தாங்கி இனிப்பை இழக்காமல் இருப்பது இதனால்தான்.

இங்கே ஓர் உண்மை தனித்துச் சொல்லத்தக்கது. தாமட்டினின் உறவுப் புரதங்கள் செடியுலகெங்கும் உள்ளன. பூஞ்சைத் தாக்குதலுக்கும் வறட்சிக்கும் எதிராகச் செடிகள் சுரக்கும் காப்புப் புரதங்களில் அவை ஒரு தனிக்குடும்பம். புகையிலையில் உள்ள ஆஸ்மோட்டின் அவ்வகை. திராட்சையிலுள்ள அத்தகைய புரதங்களே வெள்ளைத் திராட்சை மதுவில் கலங்கலை உண்டாக்குகின்றன. ஆப்பிளிலும் கிவியிலும் உள்ளவை சிலருக்கு ஒவ்வாமை தருகின்றன. இவற்றில் எதுவும் இப்படி இனிப்பதில்லை. நோய் தடுக்கப் பிறந்த புரதக் குடும்பத்தில் ஒன்று மட்டும், இந்தக் காட்டில், இந்தப் பழத்தில், இனிப்பாக மாறியிருக்கிறது.

4.2 நாவில் நிகழ்வது

மனித நாவில் இனிப்பை உணரும் ஏற்பி, டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரு புரதங்கள் இணைந்தது. சர்க்கரை ஒட்டும் குழிகளில் நுழைய முடியாத அளவு பெரிய தாமட்டின், ஏற்பியின் புறப்பகுதிகளைப் பற்றிக்கொள்கிறது. தாமட்டினின் மேற்பரப்பிலுள்ள நேர்மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலங்கள், குறிப்பாக 67ஆம் இடத்து லைசினும் 82ஆம் இடத்து ஆர்ஜினினும், இதற்கு இன்றியமையாதவை. அவற்றை மாற்றினால் இனிப்பு வெகுவாகக் குறைகிறது.

எல்லா விலங்குகளுக்கும் இது இனிப்பதில்லை. மனிதருக்கும், மனிதக் குரங்குகளுக்கும், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் இனிக்கும். தென்னமெரிக்கக் குரங்குகளுக்கும் எலிக்கும் இனிக்காது. பழம் தின்று விதை பரப்பும் குரங்குகளை ஈர்க்கவே இவ்வினிப்பு உருவானது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. செடி பெருமளவு சர்க்கரை செலவிடாமல், துளியளவு புரதத்தால் அதே காரியத்தை முடித்துக்கொள்கிறது என்பது அவர்கள் வாதம். ஏற்கத்தக்க வாதம்தான் என்றாலும் இன்னும் கருதுகோளே.

4.3 சர்க்கரைக்கு மாற்றாகுமா?

இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 கிராம் சர்க்கரையின் இனிப்புக்கு, 2000 மடங்கு என்ற கணக்கில் 5 மில்லிகிராம் தாமட்டின் போதும். புரதம் என்பதால் கிராமுக்கு 4 கலோரி இதற்கும் உண்டு. ஆனால் 5 மில்லிகிராமில் அது ஒரு கலோரியில் ஐம்பதில் ஒரு பங்கு. எண்ணிக்கையளவில் இவ்வளவு சாதகமான பொருள் உலகெங்கும் சர்க்கரையை ஏன் விரட்டிவிடவில்லை?

விடை சுவையின் காலஅளவில் இருக்கிறது. சர்க்கரை நாவில் பட்டதும் இனித்து, விழுங்கியதும் விலகும். தாமட்டினின் இனிப்பு தாமதமாக எழுந்து, நெடுநேரம் விலகாமல் நிற்கும். அளவு மிகுந்தால் அதிமதுரம் மென்ற பின் எஞ்சும் சுவை தட்டும். காப்பியில் போட்டால் காப்பி முடிந்த பின்னும் இனிப்பு முடியாது. மேலும் சர்க்கரை பண்டத்துக்குப் பருமன் தருகிறது, பாகாகிறது, சூட்டில் சிவந்து மணக்கிறது, கெடாமல் காக்கிறது. இவற்றில் ஒன்றும் தாமட்டினால் ஆகாது.

ஆகவே தொழிலில் அது வேறு இடத்தைப் பிடித்தது. மிகக் குறைந்த அளவில், இனிப்பே தெரியாத அளவில், சேர்த்தால் பிற மணங்களைத் தூக்கிக் காட்டும். கசப்பையும் உலோகச் சுவையையும் மறைக்கும். சூயிங்கம், பானங்கள், மருந்துப் பாகுகள், பற்பசை, பன்றித் தீவனம் வரை அதன் பயன் பரவியிருக்கிறது. டேட் அண்டு லைல் நிறுவனம் 'டாலின்' என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜப்பான் 1979இல் அனுமதித்தது. உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான உலக நிபுணர் குழு 1985இல் ஆராய்ந்து, நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு குறிக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தது. ஐரோப்பியப் பொட்டலங்களில் ஈ957 என்ற எண்ணைக் கண்டால் அது தாமட்டின்.

5. மருந்து

மேற்கு ஆப்பிரிக்கத் தாவரப் பயன்களைத் தொகுத்த நூல்கள் இச்செடிக்குக் குறிக்கும் மருந்துப் பயன்கள் இவை: பழம் மலமிளக்கி. விதை வாந்தி வருவிக்கவும் நுரையீரல் தொல்லைகளுக்கும் ஆவது. இலைச்சாறு பூச்சிக்கடிக்கும் விஷக்கடிக்கும் முறிவு. இலை, வேர் இவற்றின் சாறு மனக்கொந்தளிப்பைத் தணிக்கத் தரப்படுவது.

இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளுவது எளிது. அப்படித் தள்ளுவது அறிவுடைமை ஆகாது. பல வட்டாரங்களில் ஒரே பயன் திரும்பத் திரும்பப் பதிவாகும்போது அது ஆராய்ச்சிக்கு உரிய தடயம். ஆனால் தடயம் முடிவாகாது. பாம்புக்கடிக்கு இலைச்சாறு போதும் என்று யாரும் நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருந்தால் உயிர் போகும். இந்த இடத்தில் மழுப்பிப் பேசுவது குற்றம். நஞ்சு முறிவு ஊசியே அதற்கு மருந்து.

இன்னொரு குழப்பம் நீரிழிவு பற்றியது. இப்பழம் நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரப்படுத்துவோர் இருக்கிறார்கள். தாமட்டின் குடலில் செரித்து அமினோ அமிலங்களாகிறது. அது இரத்தத்தில் குளுக்கோஸைக் கூட்டாது என்பது சரி. கூட்டாமல் இருப்பதும் குறைப்பதும் ஒன்றாகா. சர்க்கரையை விலக்க உதவும் பொருள், சர்க்கரை நோய்க்கு மருந்தாகிவிடாது. நம்மூர்ச் சிறுகுறிஞ்சானை எண்ணிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அதன் இலையை மென்றால் நாவில் இனிப்பு உணர்வே சற்று நேரம் மறைந்துவிடுகிறது. நீரிழிவுக்கு அதைத் தரும் மரபு நம்மிடம் உண்டு. கட்டெம்ஃபே நாவில் செய்வது அதற்கு நேர் எதிரான காரியம். இரண்டையும் 'சர்க்கரைக்கு மூலிகை' என்று ஒரே தட்டில் வைத்து விற்பது வாங்குபவரை ஏமாற்றுவது.

மருத்துவத்துக்கு இப்பழம் உறுதியாகச் செய்திருக்கும் உதவி வேறு. குழந்தைகள் துப்பிவிடும் கசப்பு மருந்தை விழுங்க வைக்கும் துணைப்பொருளாகத் தாமட்டின் பயன்படுகிறது. சிறிய உதவிதான், ஆனால் மெய்யானது.

உண்பவர்க்குத் தீங்கு ஏதும் நிறுவப்படவில்லை. பொடியாகக் கையாளும் சூயிங்கம் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் மூச்சுவழி ஒவ்வாமை பதிவாகியிருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பைப் பேசும் அறிக்கைகள் தொழிலாளர் பாதுகாப்பையும் பேச வேண்டும்.

6. ஒத்த பழங்கள்

மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகள் இத்தகைய பழங்களுக்கு வளமான இடம். பிரெஞ்சுப் பயணி ஷெவாலியே தே மார்ஷே 1725 அளவிலேயே கண்டு குறித்த சின்செபாலம் கனியில் மிராகுலின் என்ற புரதம் உண்டு. 1968இல் குரிஹாராவும் பைட்லரும் அதைப் பிரித்தனர். அது தானாக இனிக்காது. நாவில் தங்கி, பின்பு உண்ணும் புளிப்பை இனிப்பாக உணர வைக்கும். ராபர்ட் ஹார்வி தொடங்கிய மிராலின் நிறுவனம் இதை அமெரிக்காவில் விற்க முயன்றது. 1974இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் இதை உணவுச் சேர்க்கைப் பொருள் என வகைப்படுத்தி அனுமதி மறுக்கவே நிறுவனம் முடங்கியது.

டயாஸ்கோரியோஃபில்லம் கொடியின் சிவந்த கனிகளில் உள்ள மொனெலின், தாமட்டினுக்கு இணையான இனிப்புடையது. சூடாக்கினால் இனிப்பு போய்விடும் என்பதால் அடுக்களைக்கும் ஆலைக்கும் உதவவில்லை. காபோனில் 'ஊப்லி' எனப்படும் பென்டாடிப்ளாண்ட்ரா பழத்தின் பிரசீன், 54 அமினோ அமிலங்களே கொண்ட மிகச் சிறிய இனிப்புப் புரதம், சூட்டையும் நன்கு தாங்கும். 1994இல் மிங், ஹெல்லெகாண்ட் ஆகியோர் அதை விவரித்தனர். கொரில்லாக்களின் இனிப்பு ஏற்பியில் உள்ள மாற்றங்களால் அவற்றுக்குப் பிரசீன் இனிக்காமல் போகலாம் என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. செடி சர்க்கரை தராமல் இனிப்பை மட்டும் காட்ட, விலங்கு அந்தப் பொய்யை உணராத நாவைப் பெற்றிருக்கக்கூடும் என்பது அதன் விளக்கம்.

7. காட்டிலிருந்து நொதிகலத்துக்கு

தாமட்டினுக்கான பழங்கள் பெரும்பாலும் கானா, கோத் திவ்வார் காடுகளிலிருந்தும் தோட்ட ஓரங்களிலிருந்தும் கையால் பொறுக்கப்பட்டவை. பழத்திலிருந்து விதையுறையைப் பிரித்து, நீரில் கரைத்து, நுண்வடிகட்டிகளில் செலுத்திப் புரதத்தைச் சேர்க்கிறார்கள். பழத்தின் எடையில் விதையுறை சிறு பங்கு, அதில் புரதம் இன்னும் சிறு பங்கு. பொறுக்குபவரின் உழைப்பு பெரிது, கிடைக்கும் விளைபொருள் சிறிது.

மரபணு 1982இலேயே படியெடுக்கப்பட்டதால், பழமே இல்லாமல் தாமட்டின் செய்யும் முயற்சியும் அப்போதே தொடங்கிவிட்டது. இன்று நொதிகலங்களில் வளர்க்கும் ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்களிலும் புகையிலை இனச் செடிகளின் இலைகளிலும் இனிப்புப் புரதங்களை உருவாக்கும் நுட்பம் கைகூடியிருக்கிறது. காட்டைச் சுரண்டாத வழி என்று இதைப் பாராட்டுவோர் உண்டு. நானும் அந்நுட்பத்துக்கு எதிரியல்லன். ஆனால் நொதிகலம் காட்டுக்கு வேலையில்லாமல் செய்யும் நாளில், பழம் பொறுக்குவோரின் வருமானம் நிற்கும். பழத்துக்காகவும் இலைக்காகவும் நிழல் மரங்களை விட்டுவைக்கும் காரணங்களில் ஒன்று உதிரும்.

உயிரினப் பன்மை உடன்படிக்கையின் கீழ் 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை, மரபணு வளத்தின் பயனை அவ்வளத்தைக் காத்த நாட்டோடும் மக்களோடும் பகிர வேண்டும் என்கிறது. அந்நெறிமுறை செடியையும் விதையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கணினியில் கிடக்கும் மரபணு வரிசையைக் கொண்டு, கானாவின் மண்ணை மிதிக்காமலே தாமட்டின் செய்பவரை அது தெளிவாகக் கட்டுப்படுத்தவில்லை. இந்த ஓட்டையை அடைக்க 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய நாடுகள் ஒரு நிதியத்துக்கு இசைந்தன. மரபணு வரிசைத் தகவலால் ஆதாயம் பெறும் பெருநிறுவனங்கள் தம் இலாபத்தில் 1 விழுக்காடு அல்லது வருவாயில் 0.1 விழுக்காடு தர வேண்டும் என்றும், அதில் குறைந்தது பாதி பழங்குடியினருக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் சேர வேண்டும் என்றும் வகுத்தன. நிதியம் 2025 பிப்ரவரியில் தொடங்கியது. ஆனால் பங்களிப்பு நிறுவனங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது.

விருப்பத்துக்கு விட்ட கடமை நிறைவேறாது. தாமட்டின், பிரசீன் போன்ற புரதங்களை எந்த முறையில் உருவாக்கினாலும், அவற்றை விற்கும் உரிமத்தோடு இப்பங்களிப்பையும் ஒவ்வொரு நாட்டின் உணவுச் சட்டமும் கட்டாயமாக்க வேண்டும். உயிரினப் பன்மைச் சட்டத்தை 2002இலேயே இயற்றிய இந்தியா அதற்குக் குரல் கொடுக்கும் தகுதியுள்ள நாடு.